பெரிய எழுத்துச் சூடாமணி

மயிலாப்பூரில் கச்சேரி கேட்கிறவர்களைவிடக் கச்சேரியில் குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள் ஜாஸ்தி. அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. காபியில் குற்றம் சொல்லாமல் காபி குடிக்கிறவன் அந்தப் பேட்டையில் உண்டா என்ன? ஆனால் ஸ்ரீனிவாசராகவன் தன்னை அந்தக் கும்பலோடு சேர்த்துக்கொள்ள மாட்டான். மற்றவர்கள் பேசுவது வம்பு, தான் பேசுவது விமர்சனம் என்பது அவன் கட்சி. இந்த வித்தியாசத்தை மனைவி ஸ்ரீலக்ஷ்மிக்கு எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறான். அவளும் ஒவ்வொரு தடவையும், "சரிதான், சாத்தமுது ஆறிண்டிருக்கு, சாப்பிட வாங்கோ" என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

பனகல் பார்க் பக்கத்தில் ஒரு வங்கியில் அவனுக்குக் கவுன்டர் வேலை. சாயங்காலம் ஆனால் கச்சேரி. நாற்பதைத் தொட இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. பாட்டு சொல்லிக்கொண்டதில்லை, வாத்தியம் தொட்டதில்லை, ஆனால் கேள்வி ஞானம் கெட்டி. அந்த ஒன்றைத் தவிர உலகத்தில் வேறு எந்தப் பெருமையும் அவனுக்குக் கிடையாது. சீட்டாட மாட்டான், கிரிக்கெட் பார்க்க மாட்டான், சினிமாவுக்குப் போனால் தூங்கிவிடுவான். சங்கீதத்தை அவனிடமிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு பேங்க் குமாஸ்தாதான், பாவம்.

தொண்ணூற்றைந்து முடிகிற சமயம் அவன் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, கூடவே மோடம் என்கிற கத்துகிற பெட்டியும். டெலிபோன் ஒயரைப் பிடுங்கி அதில் செருகினால் கிர்ரென்று கீச்சிட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் லைன் கிடைக்கும். கிடைத்தால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்து ஓடும், படமெல்லாம் கிடையாது. விடியற்காலையில்தான் லைன் சுலபமாகக் கிடைக்கிறது என்று ராகவன் பால் பாக்கெட் வருவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவான். கலிஃபோர்னியாவில் குடியேறிவிட்ட ஒரு மயிலாப்பூர்க்காரர் 'ஸ்வரக்கூடம்' என்று ஒரு ஈமெயில் குழு நடத்தினார். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து உலகம் முழுக்க இருக்கிற சங்கீதப் பைத்தியங்கள் அதில் அடித்துக்கொள்வார்கள். மயிலாப்பூரில் நேற்று நடந்த கச்சேரியை ராகவன் காலையில் எழுத, அமெரிக்காக்காரர்கள் அதைச் சாயங்கால டிபனோடு படித்தார்கள்.

அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மிருதங்கம். மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். அதிலிருந்துதான் கும்கும் என்று அடிவயிற்றில் இறங்குகிற நாதம் வரும். 'இந்தக் காலத்து மிருதங்கக்காரர்களுக்கு வலது கை மட்டும்தான் இருக்கிறது, தொப்பி செத்துப்போச்சு' என்று ராகவன் ஒரு நாள் எழுதினான். அடேயப்பா, என்ன வரவேற்பு! சிங்கப்பூரிலிருந்து ஒருவர், 'ராகவன் சார் காது தங்கக் காது' என்று எழுதினார். அது போதாதா? அன்றிலிருந்து யார் வாசித்தாலும் சரி, ராகவன் கடைசி வரியில் 'இடது கை எங்கே?' என்று கேட்காமல் விடுவதில்லை.

இப்படிக் கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்தவன், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது தொண்ணூற்றாறு டிசம்பரில்.

சூடாமணி அம்மாள் பிடில்காரர். ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை, பெசன்ட் நகரில் வீடு. பகலில் தந்தி ஆபீசில் உத்தியோகம், சாயங்காலம் கச்சேரி. வாசிப்பு அப்பழுக்கில்லாதது. வாய் அப்படி இல்லை. ஒரு சபாவில் கச்சேரி நடுவில் காரியதரிசி மைக்கைப் பிடித்து நன்றியுரை ஆரம்பித்தார், முடிக்கிற வழியாக இல்லை. "நீங்க முடிச்சதும் சொல்லி அனுப்புங்கோ, நான் கேன்டீன்ல இருக்கேன்" என்று சூடாமணி மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். இன்னொரு தடவை முதல் வரிசையில் ஒருவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "தாளத்துக்குக் கடிக்கறதானா கடிங்கோ, இல்லேன்னா பையில வெச்சுக்கோங்கோ" என்று மேடையிலிருந்தே சொல்லிவிட்டார். இப்படிப்பட்டவரை எத்தனை சபாக்காரர்கள் கூப்பிடுவார்கள்? வருஷத்துக்கு நாலைந்து கச்சேரி கிடைத்தால் அதிகம்.

அவரும் ஸ்வரக்கூடத்தில் இருந்தார். தந்தி ஆபீஸ் டெலிபிரின்டரில் எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்துதான். அந்தப் பழக்கத்தில் ஈமெயிலையும் பெரிய எழுத்திலேயே அடிப்பார். கம்ப்யூட்டரில் அப்படி அடித்தால் கத்துகிறதாக அர்த்தம் என்று யாரோ நயமாக எடுத்துச் சொன்னார்கள். 'கத்தத்தான் கத்தறேன்' என்று அதற்கும் பெரிய எழுத்திலேயே பதில் வந்தது.

மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அவர் கச்சேரி. ராகவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு மறுநாள் காலை எழுதினான்: 'சூடாமணி அம்மாள் நேற்று முழுக்கச் சுருதி இல்லாமலே வாசித்தார். சுருதிப் பெட்டியை ஆத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருப்பார் போலிருக்கிறது.' கச்சேரி முழுக்க விடாமல் ரீங்காரம் போடுகிற அந்தச் சின்ன மின்சாரப் பெட்டி இல்லாமல் மேடை ஏறினார் என்று ஒரு வித்வானைப் பற்றிச் சொல்வது, அடுப்பு மூட்டாமல் சமைத்தாள் என்று ஒருத்தியைச் சொல்கிற மாதிரி. அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது, எல்லாம் பெரிய எழுத்தில்.

'பெட்டி என் முதுகுக்குப் பின்னால் கச்சேரி முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. உமக்கு மட்டும் கேட்கவில்லை என்றால், உம்முடைய தலையில் இரண்டு பக்கமும் இருப்பது காது இல்லை ஐயா, கடுக்கன் மாட்டுகிற இடம்.'

ராகவனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அவன் எழுத, அவர் எழுத, தங்கக் காதுக் கட்சி ஒன்று, பெரிய எழுத்துக் கட்சி ஒன்று என்று குழுவே இரண்டாகப் பிரிந்தது. சீசன் முடிந்தும் சண்டை முடியவில்லை. பொங்கல் போய், பங்குனி உற்சவம் போய், மாம்பழம் வந்த பிறகும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடவில்லை. "ஏன்னா, அந்த மாமி மூஞ்சியை மூணாம் வரிசையிலேர்ந்து பார்த்ததோட சரி, அவாளோட இத்தனை சண்டையா?" என்று ஸ்ரீலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் அப்படிக் கேட்டதே அவன் காதில் விழவில்லை என்பதுதான் விஷயம். கொஞ்ச நாளாகவே வீட்டில் இந்தத் தகராறு உண்டு. அவள் ஏதாவது சொல்வாள், அவன் பதில் சொல்ல மாட்டான். "கம்ப்யூட்டர் வந்ததிலேர்ந்து நான் மனுஷியாவே தெரியலை" என்பது அவள் குறை. "வாய்க்குள்ளேயே முணுமுணுத்தா எவனுக்குக் கேக்கும்?" என்பது அவன் குறை. ஆபீசில் அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பனகல் பார்க் இரைச்சலில், நாலு பேர் ஒரே சமயத்தில் கத்தினாலும் ஒவ்வொருவர் சொல்வதும் துல்லியமாகக் கேட்கும். அப்படியிருக்க, காதைச் சந்தேகப்பட அவனுக்கு என்ன தலையெழுத்து?

ஆனி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் ஒரு பழைய கேசட்டைப் போட்டான். கல்யாணமான புதிதில் வாங்கினது. அதில் மிருதங்கத்துக்கென்று விடுகிற தனி ஆவர்த்தனத்தில் ஒரு இடத்தில் தொப்பி மட்டும் தனியாகக் கும்காரம் போடும். அந்த இடத்துக்காகவே அதை அவன் நூறு தடவை கேட்டிருப்பான். அன்றைக்கு அந்த இடம் வந்தது, போனது. கும்காரம் வரவில்லை. டேப்பில் கோளாறு என்று திருப்பிப் போட்டான். சத்தத்தை ஏற்றினான். வலது பக்கம் டகடகவென்று கேட்டது, இடது பக்கம் இருந்த இடத்தில் பள்ளம். "எதுக்கு இப்படி அலற விடறேள்? மிருதங்கம் மண்டையை உடைக்கறதே!" என்று ஸ்ரீலக்ஷ்மி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "எது? இடது பக்கமா?" என்று கேட்டான். "ஆமாம், அந்தக் கும்கும்தான்" என்றாள் அவள்.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. மிருதங்கக்காரர்கள் யாருடைய இடது கையும் எங்கேயும் போகவில்லை. போனது அவனுடைய காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, அவனும் அதையே விமர்சனமாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான். ஐயோ, இன்னும் நாலு வருஷத்தில் பிடிலும் போய்விட்டால்? அப்புறம் சாயங்காலம் எங்கே போவது? எதற்குப் போவது? அன்று ராகவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மோடத்தைத் தொடவும் இல்லை. கச்சேரிக்குப் போவதையும் நிறுத்தினான். கேட்டவர்களிடம் ஆபீசில் வேலை ஜாஸ்தி என்று ஒரு பொய்.

ஸ்வரக்கூடத்தில் முதலில் கவனித்தது தங்கக் காதுக் கட்சிக்காரர்கள் இல்லை. 'ராகவன் எங்கே? சண்டை போட ஆளில்லாமல் போரடிக்கிறது' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி வந்ததாம். அதை அவன் படிக்கவே இல்லை.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் தி.நகர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வங்கியில் நிற்க இடமில்லை. கவுன்டருக்கு வெளியே துணிக்கடை அய்யாதுரை நின்று வியாபாரக் கதை பேசிக்கொண்டிருந்தார். அவரை விலக்கிக்கொண்டு, நூல் புடவையும் பிடில் தழும்பேறின விரலுமாக ஒரு அம்மாள் வந்து நின்றார்.

"நீங்கதானே ஸ்ரீனிவாசராகவன்? நான் சூடாமணி."

ராகவன் பதறி எழுந்தான். "வாங்கோ மாமி."

"மாமியும் வேண்டாம், அத்தையும் வேண்டாம், எனக்குப் பேர் இருக்கு. நான் சண்டை போட வரலை, உக்காருங்கோ. இந்த இரைச்சல்ல நான் பேசறது கேக்கறதா?"

"நன்னா கேக்கறது."

"ஆத்துல ஆம்படையாள் பேசினா கேக்கறதா?"

ராகவன் எதிரே கிடந்த செலான்களை அடுக்க ஆரம்பித்தான்.

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். திடீர்னு வாயை மூடிண்டுட்டேளே, என்னடா இதுன்னு நீங்க இதுவரைக்கும் எழுதின அத்தனையையும் எடுத்து வெச்சுண்டு படிச்சேன். வர்றவன் போறவன் ஒருத்தனுக்கும் இடது கை இல்லையாம். ஊர்ல அத்தனை மிருதங்கக்காராளுக்கும் ஒரே சமயத்துல கை விளங்காம போயிடுமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எங்க ஆபீஸ்ல இனாயத்னு ஒருத்தர். மெஷின் சத்தத்துல எல்லாம் கேக்கும், வெளியில அமைதியா பேசினா ஒண்ணும் கேக்காது, நாம சும்மா வாயை அசைக்கறோம்னு சண்டைக்கு வருவார். அது ஒரு வியாதி, வைத்தியமும் இருக்கு. சனிக்கிழமை எங்காத்துக்கு வாங்கோ. ஆம்படையாளையும் அழைச்சுண்டு வாங்கோ, தனியா வந்தா நீங்க பொய் சொல்வேள்."

வந்த வேகத்தில் போய்விட்டார். அய்யாதுரை அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு சார் அந்தம்மா? நல்லா ஏசிட்டுப் போறாவளே!" என்றார்.

போகக் கூடாது என்றுதான் ராகவன் இருந்தான். ஸ்ரீலக்ஷ்மி விடவில்லை. சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் பிடித்து பெசன்ட் நகர் போனார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. சூடாமணி ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ஆளுயரத் தம்புராவை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அவனை எதிரே உட்கார வைத்தார்.

"கண்ணை மூடிக்கோங்கோ. கீழ் ஷட்ஜம் கேக்கறதா?"

"கேக்கறது" என்றான் ராகவன் சட்டென்று.

"கேக்கறதாம்! நான் அந்தத் தந்தியைத் தொடவே இல்லை. பாத்தியாம்மா, நான் சொல்லலை?" என்று ஸ்ரீலக்ஷ்மியிடம் திரும்பினார். ஸ்ரீலக்ஷ்மிக்கு அழுகை வந்துவிட்டது. அவன் தன்னை மதிக்கவில்லை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ராகவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "போயிடுத்து. எனக்குத் தெரியும்" என்றான்.

"உமக்கு என்ன தெரியும்? இங்கே வாரும்." கோபம் வந்தால் அவருக்கு மரியாதை 'உம்'முக்கு இறங்கிவிடும். தம்புராவைச் சாய்த்து, அதன் மரத்தண்டை அவன் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்தி வைத்து, கீழ்த் தந்தியை மீட்டினார். ராகவனுக்கு மண்டைக்குள் ஷட்ஜம் இறங்கியது. அடியிலிருந்து, முழுசாக, ஒரு துளி குறையாமல். அவன் அப்படியே தண்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சூடாமணி மீட்டுவதை நிறுத்தவில்லை.

"எலும்பு வழியா கேக்கறதோன்னோ, அப்போ நரம்பு நன்னா இருக்கு. வழிதான் அடைச்சுண்டிருக்கு. இனாயத்துக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயே போங்கோ" என்றார் கடைசியில்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். இரண்டு காதுக்குள்ளும் இருக்கிற மூன்று எலும்பில் கடைசி எலும்பு இறுகிவிட்டது, ஒவ்வொரு காதாக ஆபரேஷன் பண்ணி அதை எடுத்துவிட்டுக் குண்டூசி முனை மாதிரி ஒன்றை வைக்க வேண்டும். நூற்றில் ஒருத்தருக்கு ஆபரேஷன் பண்ணின காது ஒரேயடியாகப் போய்விடுவதும் உண்டு. அந்த ஒருத்தன் தான்தான் என்று ராகவனுக்கு அந்த நிமிஷமே நிச்சயமாகிவிட்டது. வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டான். ஸ்வரக்கூடத்தில் விஷயத்தைச் சொன்னபோது எல்லோரும் இதமாக எழுதினார்கள். கேட்கிறவரைக்கும் கேட்டாலே பாக்கியம், ரிஸ்க் எடுக்க வேண்டாம், பெருமாள் பார்த்துப்பார் என்று ஆளுக்கொரு ஆறுதல்.

சூடாமணி போன் பண்ணினார். "பேங்க்ல இருக்கேள், கணக்கு தெரியாதா? ஆபரேஷன் கெட்டுப்போனா ஒரு காது போகும், இன்னொண்ணு இருக்கு. பண்ணிக்காம இருந்தா ரெண்டும் போகும்" என்றார்.

"உங்களுக்கென்ன, சொல்றது சுலபம்!" என்று ராகவன் கத்திவிட்டுப் போனை வைத்தான். அன்று முழுக்க உறுமிக்கொண்டே திரிந்தான். சாயங்காலம் ஸ்ரீலக்ஷ்மி அவன் எதிரில் வந்து உட்கார்ந்து, அவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "ஊர் பூராவும் உங்க காது தங்கக் காதுன்னா. யாராவது ஒருத்தர் வந்து காது கேக்கலைன்னு சொன்னாளா? கட்டிண்டவ நான்கூட சொல்லலை. அந்த மாமிதான் ஆபீஸ் தேடி வந்து சொன்னா. நல்ல வார்த்தை சொல்றவாளை விடுங்கோ, நிஜத்தைச் சொல்றவா ஒருத்தர் இருக்கா, அவா பேச்சைக் கேளுங்கோ."

ராகவன் யோசித்துப் பார்த்தான். இத்தனை மாசச் சண்டையில் சூடாமணி எழுதினதில் கடுகடுப்பு உண்டு, குத்தல் உண்டு, பொய் ஒன்று உண்டா? ஒன்றுகூட இல்லை. நெஞ்சில் பட்டதை அப்படியே சொல்கிற மனுஷி. தனக்கு மேடை போனாலும் சரி, அடுத்தவனுக்குக் காது போனாலும் சரி, மழுப்ப மாட்டார். அப்படிப்பட்டவரை எதிரி என்று நினைத்தோமே, நமக்கு எவ்வளவு திமிர் என்று அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

ஐப்பசியில் வலது காதுக்கு ஆபரேஷன் நடந்தது. சூடாமணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆறுதல் சொல்லவில்லை. வராந்தாவில் அலறிக்கொண்டிருந்த டிவியை அணைக்கச் சொல்லி வார்டு பாயோடு சண்டை போட்டு, அணைத்த பிறகுதான் போனார். கொஞ்ச நாள் கழித்துக் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று ராகவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, சமையலறையிலிருந்து ஸ்ரீலக்ஷ்மியின் முணுமுணுப்பு கேட்டது. இத்தனை வருஷமும் அவள் முணுமுணுத்தது பூராவும் தன்னைத் திட்டித்தான் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்து முழுக்கக் கேட்டான். பழைய கேசட்டையும் போட்டுப் பார்த்தான். அன்று ஸ்வரக்கூடத்தில் ஒரே ஒரு வரி எழுதினான்: 'மிருதங்கக்காரர்கள் அத்தனை பேருக்கும் இடது கை முளைத்துவிட்டது.'

மறுபடி டிசம்பர் வந்தது. ஒரு சின்ன சபாவில் பகல் நேரத்தில் சூடாமணிக்குக் கச்சேரி போட்டிருந்தார்கள். ஹாலில் முக்கால்வாசி நாற்காலி காலி. ராகவனும் ஸ்ரீலக்ஷ்மியும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். சூடாமணி பேகடா ராகத்தை எடுத்தார். என்ன வாசிப்பு! ஒவ்வொரு பிடியும் பளிச் பளிச்சென்று வந்து விழுந்தது. இந்த மனுஷியிடம் இவ்வளவு இருக்கிறதா, இதையா நான் பாதிக் காதால் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினேன் என்று ராகவன் தன்னையே நொந்துகொண்டான். பேகடாவுக்கு மத்தியமம் என்கிற ஸ்வரம்தான் உயிர். அது இருக்க வேண்டிய இடத்தில் மயிரிழை மாறினாலும் ராகம் முகம் சுளிக்கும். ஆலாபனையில் ஒரே ஒரு இடத்தில் அது மாறியது.

கச்சேரி முடிந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் மேடையோரம் போய், பிரமாதம், அமிர்தம், தெய்வீகம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். சூடாமணி யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வில்லைத் தளர்த்திக்கொண்டிருந்தார். ராகவன் கடைசியாகப் போய் நின்றான். காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழுந்தால் அதற்கும் திட்டுவார். ஸ்ரீலக்ஷ்மி பின்னாலிருந்து, நல்லதா ஏதாவது சொல்லுங்கோளேன் என்று அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"பேகடா ஆலாபனையில, மேலேர்ந்து இறங்கறச்சே ஒரு இடத்துல மத்தியமம் கொஞ்சம் கீழே நின்னுடுத்து" என்றான் ராகவன்.

சூடாமணி தலையைத் தூக்கினார்.

"எந்த இடம்?"

ராகவன் மெல்லிய குரலில் அந்தப் பிடியைப் பாடிக் காட்டினான். சூடாமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிடிலைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, மேடையோரத்துக்கு, அவன் நின்ற பக்கமாக நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சுது. வேற ஒருத்தருக்கும் தெரியலை" என்றார். பிறகு ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "டாக்டர் நன்னாத்தான் பண்ணியிருக்கார்ம்மா. இன்னொரு காதையும் சீக்கிரம் அவர்கிட்டயே குடுத்துடுங்கோ" என்றார்.